குளத்தில் மூழ்கும் குழந்தை: பீட்டர் சிங்கரின் சவால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் ஒழுக்கவியல் படிக்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே கொடுக்கப்படும் கட்டுரை ஒன்று உண்டு. பதினைந்து பக்கம்தான். கலைச்சொற்கள் அதிகம் கிடையாது. ஆனாலும் ஐம்பது ஆண்டுகளாக அதற்கு மறுப்பு எழுதுவது நிற்கவே இல்லை. அதைப் படித்தவர்களும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எந்தக் கட்டுரை? யார் எழுதியது?

'பஞ்சம், வளம், ஒழுக்கம்' என்பது அதன் தலைப்பு. எழுதியவர் பீட்டர் சிங்கர், 1946இல் மெல்பர்னில் பிறந்த ஆஸ்திரேலியர். அவருடைய பெற்றோர் வியன்னாவைச் சேர்ந்த யூதர்கள். 1938இல் ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குப் போனதும் தப்பி வந்தவர்கள். தாத்தா பாட்டிகள் நால்வரில் மூவர் யூத இனப்படுகொலையில் இறந்துபோனார்கள். கட்டுரையை எழுதியபோது அவருக்கு 25 வயது, ஆக்ஸ்போர்டில் விரிவுரையாளர். 1971 நவம்பரில் எழுதியது, 1972இல் வெளிவந்தது. பொதுமக்களிடம் அவர் பெயர் பரவியது 1975இல் விலங்குகளின் உரிமை பற்றி எழுதிய புத்தகத்தால்தான். இந்தப் பக்கம் அதைப் பற்றியது அல்ல.

1971 நவம்பரில் அப்படி என்ன நடந்துகொண்டிருந்தது?

கட்டுரையின் முதல் வரியே கிழக்கு வங்காளத்தில்தான் தொடங்குகிறது. இன்றைய வங்கதேசம்தான் அது, அன்று பாகிஸ்தானின் ஒரு பகுதி. 1970 நவம்பரில் போலா புயல் அங்கே லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. 1971 மார்ச்சில் பாகிஸ்தான் ராணுவத்தின் தாக்குதல் தொடங்கியது. மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். சிங்கர் எழுதும்போது அகதிகள் குறைந்தது 90 லட்சம் பேர். அவர்களை ஓராண்டு உயிரோடு வைத்திருக்க 46.4 கோடி பவுண்டு வேண்டும் என்பது மதிப்பீடு. உலகம் முழுவதிலிருந்தும் வந்திருந்தது சுமார் 6.5 கோடி பவுண்டு.

அதற்குப் பக்கத்திலேயே அவர் வேறு சில கணக்குகளை வைக்கிறார். பிரிட்டன் கொடுத்தது சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு. கான்கார்ட் என்ற அதிவேகப் பயணிகள் விமானத் திட்டத்தில் அதே பிரிட்டன் திரும்பி வராது என்று தெரிந்தே போட்ட பணம் 27.5 கோடிக்கு மேல். ஆஸ்திரேலியா கொடுத்தது சிட்னியில் கட்டிக்கொண்டிருந்த ஓபரா அரங்கின் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனைக்கும் இந்த இரண்டு நாடுகளும் அன்று தாராளமாகக் கொடுத்தவை என்று பெயர் வாங்கியவை.

நம் பக்கத்தில் அதே நவம்பரில் இந்திய அரசு கடிதங்களுக்கு 5 பைசா அகதி நிவாரண வரித் தபால்தலையைக் கட்டாயமாக்கியது. பெரியவர்களின் பழைய கடிதக் கட்டுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். லண்டனில் இருந்தவருக்கு நன்கொடையாக இருந்தது இங்கே சட்டப்படி கொடுத்தாக வேண்டியதாக இருந்தது. சிங்கர் இதைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

சரி, வாதம் என்ன?

மூன்று படிகள். உணவோ உறைவிடமோ மருத்துவமோ இல்லாமல் மனிதர்கள் துன்பப்படுவதும் சாவதும் தீமை. அதற்கு ஈடான எதையும் இழக்காமல் ஒரு தீமையைத் தடுக்க நம்மால் முடியும் என்றால், தடுத்தே ஆக வேண்டும். நிவாரணத்துக்குப் பணம் கொடுப்பதன் மூலம் வசதியுள்ளவர்களால் அது முடியும். ஆகவே கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது படிக்கு அவரே ஒரு மென்மையான வடிவமும் தருகிறார்: ஒழுக்க நோக்கில் பொருட்படுத்தத்தக்க எதையும் இழக்காமல் தடுக்க முடிந்தால் தடுக்க வேண்டும். அதாவது புதுச் சட்டை, இன்னொரு கைபேசி, உணவகச் சாப்பாடு போன்றவற்றை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். இந்த மென்மையான வடிவத்தை ஏற்றுக்கொண்டாலே நம் வாழ்க்கை நிறைய மாற வேண்டியிருக்கும் என்கிறார். என்னைப் பொறுத்தவரை இந்த வடிவத்துக்கு யாரும் இதுவரை சரியான மறுப்புச் சொல்லவில்லை.

குளமும் குழந்தையும் எங்கே வருகின்றன?

இரண்டாவது படியை விளக்கும்போது வருகின்றன. ஆழமில்லாத ஒரு குளத்தைக் கடந்து போகிறீர்கள். ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கித் தூக்கினால் உடை சேறாகும், அவ்வளவுதான். யாரும் தயங்க மாட்டோம். உடைக்காக ஒருவர் நடந்து போய்விட்டார் என்றால், அவர் கொஞ்சம் கருணை குறைந்தவர் என்று சொல்லி விட்டுவிட மாட்டோம். பெரிய தவறு செய்துவிட்டார் என்போம். அப்படியானால், அதே அளவு பணத்தைக் கொடுக்காததால் தொலைவில் ஒரு குழந்தை சாகும்போது மட்டும் ஏன் நாம் தவறு செய்ததாக நினைப்பதில்லை?

கொடு என்று எல்லா மதங்களும் சொல்கின்றனவே. இதில் மேற்கத்திய ஒழுக்கத்துக்கு என்ன சவால்?

சவால், கொடுப்பதை எந்த வகையில் சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது. நவீன மேற்கத்திய ஒழுக்கத்தில் ஒரு கோடு உண்டு. கொல்லாதே, திருடாதே, வாக்கு மீறாதே என்பவை கோட்டுக்கு இந்தப் பக்கம், அவை கடமை. தொலைவில் பட்டினி கிடப்பவருக்குக் கொடுப்பது அந்தப் பக்கம். கொடுத்தால் பாராட்டு, கொடுக்காவிட்டால் குற்றமில்லை. கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். கொடுக்காமல் புதுக் கார் வாங்கியவரைக் குறை சொல்வது அநாகரிகம் என்று நினைக்கிறோம். இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்கிறார் சிங்கர். நம் ஒழுக்கச் சிந்தனையின் மொத்த அமைப்பும், அதோடு நாம் இயல்பென்று எடுத்துக்கொண்ட வாழ்க்கை முறையும் மாற வேண்டும் என்று நேரடியாகவே எழுதுகிறார்.

கோடு ஏன் அங்கே விழுந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் தருகிறார். ஒரு சமூகம் உடையாமல் இருக்க, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கொல்லாமலும் திருடாமலும் இருக்க வேண்டும். வெளியே இருப்பவருக்கு உதவாவிட்டால் அந்தச் சமூகத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் முதலாவது கடுமையான விதியாயிற்று, இரண்டாவது விருப்பமாயிற்று. விதி எப்படி உருவானது என்பதைத்தான் இது சொல்கிறது, அது சரியானது என்று காட்டவில்லை.

மேற்கின் பழைய மரபே இந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டதில்லை என்பது கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸை மேற்கோள் காட்டுகிறார் சிங்கர். ஒருவரிடம் தேவைக்கு மேல் இருப்பது இயற்கை உரிமைப்படி ஏழைக்குச் சேர வேண்டியது. நீ பிடித்து வைத்திருக்கும் ரொட்டி பசித்தவனுடையது என்பது அங்கே வரும் கருத்து. ஆக, சிங்கர் எதிர்ப்பது மேற்கு முழுவதையும் அல்ல, அது பிற்காலத்தில் பழகிக்கொண்ட ஒரு சௌகரியத்தை.

அருகில் இருப்பவரும் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரும் ஒன்றா?

தூரத்தினால் மட்டும் ஒழுக்கத்தில் வேறுபாடு வராது என்பது அவர் நிலைப்பாடு. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தேவை என்பது நமக்கு நன்றாகத் தெரியலாம், உதவி நேராகப் போய்ச் சேரலாம். அந்த அளவுக்கு அருகாமை பொருட்டுதான். ஆனால் நிவாரண அமைப்புகளும் விமானங்களும் வந்த பிறகு அந்தக் காரணம் பெருமளவு வலுவிழந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். ஆக்ஸ்போர்டிலிருந்து பார்க்கும்போதுதான் வங்காளி வெகுதொலைவில் இருக்கிறார். கல்கத்தாவின் உப்பு ஏரிப் பகுதியில் முகாமுக்குப் பக்கத்தில் குடியிருந்தவருக்கு அது உவமை அல்ல, வாசலைத் திறந்தால் தெரிவது. இந்தியாவிலிருந்து படிக்கிற நாம் தூரத்தைச் சாக்காகச் சொல்லக்கூட முடியாத இடத்தில் இருக்கிறோம்.

அப்படியானால் என் பிள்ளையும் யாரோ ஒருவருடைய பிள்ளையும் எனக்குச் சமமா?

இல்லை, அவர் அப்படிக் கேட்கவில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளை முதலில் பார்த்துக்கொள்வது உலகத்துக்கே நல்லது என்று பின்னாளில் விளக்கமாகவே எழுதியிருக்கிறார். பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் மருத்துவத்தையும் பிடுங்கிக் கொடுக்கச் சொல்வதாக நினைத்துக் கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர் கைவைப்பது பிள்ளையின் மூன்றாவது சைக்கிளில்.

எல்லோரும் கொஞ்சம் கொடுத்தால் போதுமே. என் பங்கை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

தத்துவவாதி லியம் மர்ஃபி கிட்டத்தட்ட இப்படித்தான் வாதிடுகிறார்: மற்றவர்கள் செய்யாததையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை. நியாயமில்லைதான். ஆனால் குளத்தில் பத்துக் குழந்தைகள், கரையில் பத்துப் பேர், அதில் ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு குழந்தையைக் கரைசேர்த்துவிட்டீர்கள். என் பங்கு முடிந்தது என்று கிளம்புவீர்களா? சும்மா நின்றவர்கள் உங்களுக்கு அநியாயம் செய்தார்கள் என்பது உண்மை. அந்த அநியாயத்தின் விலையை இன்னும் தண்ணீரில் இருக்கும் குழந்தை ஏன் கொடுக்க வேண்டும்?

எவ்வளவு கொடுக்க வேண்டும்? எங்கே நிறுத்துவது?

கட்டுரையின் கடுமையான வடிவத்தின்படி, இன்னும் கொடுத்தால் பெறுகிறவருக்கு வரும் நன்மையும் எனக்கு வரும் கேடும் சமமாகிவிடும் என்ற நிலைவரை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதாவது நாமும் ஏறக்குறைய அகதி நிலைக்கே வந்துவிடுவோம். சிங்கர் இதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் பொதுமக்களிடம் பேசும்போது வேறு அளவுகோலை வைக்கிறார். 2009இல் எழுதிய புத்தகத்தில், வசதியாக இருப்பவர்கள் வருமானத்தில் 5 சதவீதம், மிகப் பெரிய பணக்காரர்கள் அதைவிடக் கூடுதலாக என்று ஒரு படிநிலை சொல்கிறார். எட்ட முடியாத உயரத்தைக் காட்டினால் மக்கள் முயற்சியே செய்யாமல் விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு.

இதெல்லாம் சாதாரண மனிதரால் முடிகிற காரியமா?

இதுதான் மிக வலுவான மறுப்பு. 1982இல் தத்துவவாதி சூசன் உல்ஃப் எழுதிய ஒரு கட்டுரை, ஒழுக்கத்தில் முழுமை பெற்ற புனிதராக வாழ்வது நாம் விரும்பத்தக்க வாழ்க்கைதானா என்றே கேட்டது. எந்த நேரமும் பட்டினியைத் தடுப்பதிலேயே இருப்பவருக்கு இசை, சமையல், விளையாட்டு, வேடிக்கைப் பேச்சு எதற்கும் இடமிருக்காது. இன்னொரு தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் இன்னும் ஆழமாகப் போனார். ஒருவருடைய வாழ்க்கைக்கு அர்த்தம் தரும் ஈடுபாடுகளையே கணக்குப் பார்த்து விடச் சொல்கிற கோட்பாடு அந்த மனிதரையே இல்லாமலாக்குகிறது என்பது அவர் வாதம்.

கடுமையான வடிவத்துக்கு எதிராக இவர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். வாழ்நாளெல்லாம் வயலின் வாசித்த ஒருவர் வயலினை விற்றுக் கொடுக்கவில்லை என்பதற்காக அவரைக் குற்றவாளி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாதத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் வயலினைக் காப்பாற்ற எடுப்பதில்லை. நன்றாக ஓடும் கைபேசியை மாற்றுவதற்கும் வில்லியம்ஸையே துணைக்கு அழைக்கிறார்கள். மென்மையான வடிவத்தை இந்த மறுப்பு தொடவே இல்லை.

கொடுத்த பணம் உண்மையிலேயே பயன்படுகிறதா?

கேட்க வேண்டிய கேள்வி. பொருளாதார நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன், வெளிநாட்டு உதவி சில நாடுகளில் அரசுகளை மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாதவையாக ஆக்கிவிடுகிறது என்று எச்சரிக்கிறார். அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் உதவி எதுவுமே பயன்படாது என்று அதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம், சிங்கர் எழுதிய அதே அகதிகளிடமே இருக்கிறது.

1971இல் மேற்கு வங்காளத்தின் எல்லையோர ஊரான பங்காவோனில் அகதிகளிடையே காலரா பரவியது. மருத்துவமனையில் இடமில்லை, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பு, சர்க்கரை, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, டிரம்களில் வைத்து, நோயாளியின் உறவினர்களே குடிக்கக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு இருபது முப்பது என்றிருந்த சாவு அவர் பொறுப்பில் இருந்த இடத்தில் நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. இன்று நம் வீடுகளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக இருப்பது அதுதான். அதுவரை ஆய்வுக் கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் சோதித்துப் பார்த்த முறை, பேரிடரின் நடுவிலும் வேலை செய்யும் என்று காட்டியது அந்த முகாம். மகலநபிஸ் 2022இல் மறைந்தார். 2023இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

ஒரு கரண்டி உப்பும் சர்க்கரையும் என்ன விலை? சேறான உடையைவிட மலிவு. சிங்கரின் மூன்றாவது படி கற்பனையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை. அவருடைய ஆதரவாளர்கள் இதை அதிகம் எடுத்துச் சொல்லாதது எனக்கு வருத்தம்தான்.

உயிரைக் காப்பாற்றினால் மக்கள்தொகை பெருகி நாளை இன்னும் அதிகப் பேர் பட்டினியால் சாவார்களே?

1974இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் இப்படித்தான் வாதிட்டார்: பணக்கார நாடுகள் உயிர்காப்புப் படகுகள், எல்லோரையும் ஏற்றினால் எல்லோரும் மூழ்குவோம். காலம் இதைப் பொய்யாக்கிவிட்டது. அன்று வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஏழு குழந்தைகள். இன்று சுமார் இரண்டு. பிறக்கும் பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், பெண்களின் படிப்பும், குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைகளும் சேர்ந்து செய்த வேலை அது. உலக அளவில் 1990இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1.2 கோடிக்கு மேல். 2022இல் 49 லட்சம். இன்னும் 49 லட்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வறுமைக்குக் காரணம் அநீதி. நன்கொடை அதை எப்படித் தீர்க்கும்?

குளத்துக் கதையில் எனக்குப் படும் பெரிய குறை இதுதான். கரையில் நிற்பவர் அந்தக் குழந்தையைத் தள்ளிவிடவில்லை. தற்செயலாக அந்த வழியே வந்தவர். உலக வறுமையில் பணக்கார நாடுகள் தற்செயலாக வந்தவை அல்ல. தாமஸ் போகே என்ற ஜெர்மானியத் தத்துவவாதி இதை விரிவாக எழுதியிருக்கிறார். வணிக விதிகள், மருந்துக் காப்புரிமைகள், சர்வாதிகாரிகள் நாட்டின் பெயரில் வாங்கும் கடனை மக்கள் தலையில் ஏற்றும் ஏற்பாடு, இவை எல்லாம் சேர்ந்து வறுமையை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதனால் உதவி செய் என்பதற்கு முன்னால், தீங்கு செய்வதை நிறுத்து என்ற கடமை இருக்கிறது. இது கோட்டின் இந்தப் பக்கத்துக் கடமை, மேற்கத்திய ஒழுக்கமே மறுக்க முடியாதது.

1971க்கும் இது பொருந்தும். அகதிகளை உண்டாக்கியது பசி அல்ல, ஒரு ராணுவம். அந்த ராணுவத்துக்கு அமெரிக்க அரசின் ஆதரவு இருந்தது. சிங்கரின் கட்டுரையில் உள்நாட்டுப் போர் என்ற ஒரு சொல்லோடு அது கடந்துபோகிறது. அதே சமயம், போகே சொல்வது சரி என்பதால் சிங்கர் சொல்வது தவறாகிவிடாது. விதிகளை மாற்றப் போராடிக்கொண்டிருக்கும்போதும் குழந்தைக்குக் காலரா வரும்.

அவர் சொன்னபடி வாழ்கிறாரா?

1970களின் தொடக்கத்திலேயே அவரும் மனைவியும் வருமானத்தில் 10 சதவீதத்தை ஆக்ஸ்ஃபாம் என்ற நிவாரண அமைப்புக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்தினார்கள். 2021இல் தத்துவப் பணிக்காகக் கிடைத்த பெர்க்ரூன் பரிசின் 10 லட்சம் டாலரையும் அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டார். தான் வகுத்த கடுமையான அளவை எட்டவில்லை என்று அவரே சொல்கிறார்.

அவருடைய தாய்க்கு அல்சைமர் நோய் வந்தபோது பராமரிப்புக்கு நிறையச் செலவு செய்தார். 1990களின் கடைசியில் பத்திரிகைகள் இதை அவருடைய கோட்பாட்டுக்கு எதிராகத் திருப்பின. எனக்கு அதில் ஒரு மகன்தான் தெரிகிறார். கோட்பாடு அந்த இடத்தில் மனிதருக்கு வழிவிட வேண்டியிருந்தது என்றால், அது வில்லியம்ஸ் சொன்னதற்கு வலுச் சேர்க்கிறது. கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு அல்ல.

மாற்றுத்திறனாளிகள் அவரை ஏன் எதிர்க்கிறார்கள்?

கடுமையான ஊனத்தோடு பிறக்கும் பச்சிளங் குழந்தையின் உயிரை முடிக்கும் முடிவைப் பெற்றோருக்கு விடலாம் என்று வேறொரு நூலில் வாதிட்டதால். 1989இல் ஜெர்மனியில் அவருடைய உரைகள் எதிர்ப்பால் நின்றுபோயின. நாஜிகள் ஊனமுற்றவர்களைக் கொன்ற நாட்டில் அந்த எதிர்ப்புக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2002இல் ஹாரியட் மெக்பிரைட் ஜான்சன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், பிறவியிலேயே தசை நலிவு நோய் உள்ளவர், சிங்கர் அப்போது கற்பித்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே வந்து அவரோடு விவாதித்தார். ஊனம் இருந்தால் வாழ்வின் தரம் தாழ்ந்துதான் இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதே ஜான்சன் எழுப்பிய கேள்வி.

இந்த விஷயத்தில் சிங்கர் தவறு என்பது என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து பார்ப்பவர் ஒரு வாழ்க்கைக்கு விலை போட முடியாது. ஆனால் குளத்து வாதம் இதன்மேல் நிற்கவில்லை. ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

திறன்மிகு பரோபகார இயக்கமும் இதுவும் ஒன்றா? அதில் ஒரு மோசடி நடந்ததே?

அந்த இயக்கம் இந்தக் கட்டுரையிலிருந்து கிளைத்தது. 2009இல் தத்துவவாதிகள் டோபி ஆர்டும் வில்லியம் மக்ஆஸ்கிலும் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய அமைப்பில் சேர்பவர்கள் வருமானத்தில் 10 சதவீதம் கொடுப்பதாக உறுதி எடுக்கிறார்கள். எந்த அமைப்புக்குக் கொடுத்தால் அதிக உயிர் பிழைக்கும் என்று கணக்குப் பார்ப்பது இயக்கத்தின் தனித்தன்மை. மலேரியாவுக்கு எதிரான கொசுவலைகள் அந்தக் கணக்கில் எப்போதும் முன்னணியில் இருக்கும். நிறையச் சம்பாதித்து நிறையக் கொடு என்ற யோசனையும் அங்கிருந்துதான் வந்தது. அதை நம்பிப் போனவர்களில் ஒருவர் சாம் பாங்க்மன்-ஃபிரீட். அவருடைய எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிறுவனம் 2022 நவம்பரில் சரிந்தது. மோசடிக்காக 2024இல் 25 ஆண்டு சிறை. சிங்கரின் கட்டுரையில் பிறர் பணத்தை எடுத்துக் கொடுக்க எங்கும் இடமில்லை.

கட்டுரையைப் படிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

நேராக 1972 கட்டுரையிலிருந்தே. தத்துவப் பயிற்சி தேவையில்லை, ஒரு மாலை போதும். அதன் பிறகு அவருடைய 2009 புத்தகத்தின் பத்தாம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒலிவடிவிலும் உண்டு. அதைப் படிக்கும்போதே பக்கத்தில் போகேயை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் படித்தால் எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியோடு, யாருக்கு வாக்களிப்பது, எந்த வணிக ஒப்பந்தத்தை எதிர்ப்பது என்ற கேள்விகளும் வந்து சேரும்.